வீட்டுத் தட்டு

“ஜன்னலோரத்து அம்மாவுக்கும் சேத்து துணி கொண்டாக்கா. அது இனிமே நம்ம ஆளு.” கதவுக்கு அந்தப் பக்கம் குழாயடியில் ஆயா ரோசாலி யாரிடமோ சொல்கிறாள். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் நான், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரில் எதுவும் பட்டுவிடக் கூடாதென்று தோள்களை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கயிறு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டேதான் எல்லாம். கயிறு ஈரமாக இருக்கிறது. எதனால் ஈரம் என்று யோசிக்காதே என்று சொல்லிக்கொண்டு அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. ஜன்னலோரத்து அம்மா என்றால் என் பெரியம்மா. கட்டில்களுக்கு எண் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இங்கே யாரும் எண் சொல்வதில்லை. கதவோரம், தூணோரம், குழாயோரம், ஜன்னலோரம். நம்ம ஆளு. எந்த நம்ம? ரோசாலிக்கும் வராண்டாவில் கிடக்கிற மாரக்காவுக்கும் என் பெரியம்மா எப்படி ஆளாவாள்? அப்பாவும் அம்மாவும் பத்து மணிக்கு வருகிறார்கள். அம்மா பெரியம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றக் கற்றுக்கொள்வாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவோம். நேற்று ராத்திரி வீட்டிலேயே எல்லாம் பேசியாகிவிட்டது. வெளியே போய்ச் சொன்னால் போதும், இல்லைங்க, நாங்க இன்னைக்குக் கூட்டிட்டுப் போறோம் என்று. நாலைந்து வார்த்தை. வாளி நிறைந்து, தண்ணீர்ச் சத்தம் நின்று, இரண்டு ஜோடி ரப்பர் செருப்பும் தூரப் போகும்வரைக்கும் நான் அந்த ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வார்டுக்குள் நுழைந்ததும் வாசனை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நாலு நாளில் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை, பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலாக பினாயில். அதற்குக் கீழே சாம்பார், சமைக்காத நேரத்திலும் சாம்பார். அதற்கும் கீழே காயாத துண்டு, ஆரஞ்சுத் தோல், எண்ணெய்ப் பிசுக்குத் தலையணை, கட்டிலடியில் மூடி இல்லாத பெட்பேன். எல்லாவற்றுக்கும் அடியில், இனிப்பாக, சீழ். இனிப்பு என்று நினைக்கவே உடம்பு கூசுகிறது, ஆனால் இனிப்புதான், காக்கை கொத்திப்போட்ட பழுத்த கொய்யா மாதிரி. கையலம்பும் தொட்டியில் யாரோ வாய் கொப்பளித்த இட்லித் துணுக்குகள் ஓட்டையைச் சுற்றி நிற்கின்றன. தூணோரத்துக் கிழவி பாலாடையை விரலால் வழித்துக் கட்டில் கம்பியில் தடவுகிறாள், அதில் ஈ உட்காருகிறது, அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மருமகள் பன் தின்கிறாள். நான் ஏன் இதையெல்லாம் பார்க்கிறேன். பார்க்காமலிருக்க எனக்குத் தெரியவில்லை. கல்லூரியிலும் இப்படித்தான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யார் நகம் கடிக்கிறார்கள், யார் காதுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து பேசுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது போல. இந்த வார்டுக்கு வந்த நாளிலிருந்து நான் இங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தினம் காலையில் வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் குடிக்கிறேன். பெரியம்மா கட்டுப்போட்ட வலது காலை நீட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மடியில் வெள்ளைத் துணிக் குவியலோடு உட்கார்ந்திருக்கிறாள். மடித்துக்கொண்டிருக்கிறாள்.

புண்ணுக்கு வைக்கிற காஸ் துணி பெரிய சுருளாக வரும். அதை வெட்டி, ஓரம் வெளியே தெரியாமல் சதுரமாக மடித்து, தகர டிரம்மில் அடுக்கிக் கொடுத்தால் நீராவியில் வேகவைத்து எடுத்து வருவார்கள். மடிப்பது யாருடைய வேலை என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மடிக்கிறவர்கள் வராண்டாப் பெண்கள். குணமாகியும் அழைத்துப்போக ஆள் வராதவர்கள். பாய் விரித்து வராண்டாவில் படுத்து, துணி மடித்து, தரை துடைத்து, பெட்பேன் கழுவி, மதியம் மணி அடித்தால் தட்டோடு வரிசையில் போய் நிற்பவர்கள். அவர்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. துணிக் கூடையை முன்னால் வைப்பார்கள். எடுத்து மடித்தால் சாப்பாடு உண்டு, அவ்வளவுதான் வழக்கம். மாரக்கா கர்ப்பப்பை எடுக்க வந்தவளாம். அவள் வந்தபோது முற்றத்து வேப்பமரம் இடுப்பளவு இருந்தது என்கிறாள் ரோசாலி, இப்போது அதன் நிழல் மருந்துக் கிடங்கையே மூடுகிறது. பெரியம்மாவுக்கு யாரும் கூடை வைக்கவில்லை. நேற்று மதியம் மாரக்கா கூடையோடு இந்தப் பக்கம் போனபோது அவளாகவேதான் கையை நீட்டினாள். “சும்மா ஒக்காந்து தின்னா எனக்குச் செரிக்காதும்மா. குடு இப்படி.” சிரித்துக்கொண்டே வாங்கி மடியில் கொட்டிக்கொண்டாள். ரோசாலி அதைப் பார்த்திருக்கிறாள். கூடையில் கைவைத்த பிறகு வீட்டுக்குப் போன யாரையும் ரோசாலி பார்த்ததில்லை, அதனால் கணக்கு முடித்துவிட்டாள். தப்பாக முடித்துவிட்டாள். தப்பாகத்தான். “பெரியம்மா, அதக் கீழ வைங்க” என்றேன். “ஏன் பாப்பா?” “அவங்க வேற மாதிரி நெனச்சுக்குவாங்க.” “என்னான்னு நெனப்பாங்க?” அதை எப்படிச் சொல்வது. “கை வலிக்கப்போகுது” என்றேன். “கைக்கு என்னா வந்துது? காலுக்குத்தானே வந்துது” என்று மறுபடி சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அந்த இடைவெளியில் காலையில் சாப்பிட்ட ரவை உப்புமா ஒட்டியிருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவோரத்தில், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற டிரெஸ்ஸிங் வண்டி கிளம்பிவிட்டது. அதன் ஒரு சக்கரம் கோணல், உருளும்போது கோழிக்குஞ்சு மிதிபட்டது மாதிரி கத்தும். ஜெபமணி சிஸ்டர் தினமும் கதவோரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டிலாக வந்து கடைசியாக ஜன்னலோரம் வருவார். நேற்று பெரிய டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். அனுப்ப வேண்டியவர் சிஸ்டர்தான், அவர் ஒரே ஒரு விஷயம் கேட்கிறார். “வீட்டுல ஒரு ஆள் கட்டு மாத்தக் கத்துக்கணும். என் முன்னால ஒரு தடவை செஞ்சு காட்டணும். இல்லாம அனுப்பிச்சு, அழுகி, திரும்பக் கொண்டாந்து முழுக் காலையும் எடுக்கச் சொல்லாதீங்க. எத்தனையப் பாத்தாச்சு.” சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார். “நீ படிச்ச பொண்ணுதானே? நீ கத்துக்கியேன்.” நான் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், முள் ஓடுகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. அதற்கு முந்தின நாளும் கேட்டார், அப்போது தரையைப் பார்த்தேன். இன்றைக்குக் காலையில் வந்ததும் சொல்லிவிட்டார். இன்று வண்டி ஜன்னலோரம் வரும்போது கற்றுக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரியம்மாவை வராண்டாவுக்கு மாற்றிவிடுவார். கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. துணி உலர்த்துகிற மாதிரி சொன்னார். அம்மா வருவாள், அம்மா கற்றுக்கொள்வாள். வண்டி கத்துகிறது. கதவோரத்துப் பெண் ஐயோ சாமி ஐயோ சாமி என்று தொடங்கிவிட்டாள். கட்டைப் பிரித்ததும் அந்த இனிப்பு வாசனை ஒரு படி ஏறி வார்டு முழுக்கக் கிளம்புகிறது, நான் துப்பட்டாவை இரண்டாக மடித்து மூக்கில் வைக்கிறேன். பெரியம்மாவின் கால் கட்டை முதல் நாள் பிரித்தபோது ஒரு கணம் பார்த்துவிட்டேன். வெட்டியெடுத்த சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இருந்த இடத்தில் எதுவும் இல்லை, அதற்குப் பதில் ஒரு வாய். சிவப்பாக, ஈரமாக, உதட்டில் மஞ்சள் கட்டிய வாய். நான் படிக்கட்டுவரை ஓடி, துப்பல் தொட்டியில் வாந்தியெடுத்தேன். அந்தத் தொட்டியில் ஏற்கெனவே கிடந்ததைப் பார்த்து மறுபடி எடுத்தேன்.

வாசனைதான் முதலில் வந்தது. பெரியம்மாவின் காலை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் ஏதோ செத்து நாறுகிறது என்று அம்மா சொன்னாள், எலி என்றாள். சமையலறையில்தான் நாற்றம். அப்பா பிரிட்ஜை நகர்த்தினார், நானும் அவரும் சேர்ந்து கிரைண்டரை நகர்த்தினோம், அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம், பரணில் டார்ச் அடித்தோம். பெரியம்மாவும் தேடினாள். துடைப்பக்கட்டையின் பின்பக்கத்தால் அடுப்பு மேடைக்கடியில் துழாவினாள். “இங்கதான் எங்கயோ கெடக்குது சனியன்” என்றாள். அவள் எங்கே போனாளோ அங்கே நாற்றமும் போனது, அதனால் எலி ஒரு இடத்தில் இல்லை, இரண்டு மூன்று இருக்கும் என்று அம்மா சொன்னாள். கடைசியில் பால்காரர்தான் வாசலில் நின்று குனிந்து பார்த்து, “அம்மா உங்க கால்லருந்து என்னமோ வடியுது பாருங்க” என்றார். சாதம் வடிக்கும்போது கொதிகஞ்சி காலில் கொட்டியிருக்கிறது. எப்போதென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்தது, சுட்டதே தெரியவில்லையாம். காப்பித்தூளை வைத்து, பழைய உள்பாவாடைத் துணியைச் சுற்றி, அதன் மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு தினமும் எங்களுக்கு இட்லியும் குழம்பும் செய்தாள். அந்தச் சாக்ஸ் என்னுடையது, கல்லூரி விளையாட்டு நாளுக்கு வாங்கியது. அந்த நாட்களில் நாங்கள் சாப்பிட்ட குழம்பை நினைக்கிறேன். பெரியம்மா அடுப்படியில் நிற்க, கீழே அந்தத் துணிக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்துகொண்டிருக்க, மேலே அவள் கரண்டியால் உப்புப் பார்த்து, “பாப்பா இன்னும் ஒரு தோசை?” என்று கேட்டிருக்கிறாள். நான் வேண்டும் என்றிருக்கிறேன். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூட அவள் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற எனக்கும். அவளுக்குக் கால் இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை. கை மட்டும்தான் எங்கள் முன்னால் வந்து போய்க்கொண்டிருந்தது, தட்டு வைக்க, தட்டு எடுக்க.

பெரியம்மா சாய்ந்திருக்கிற சுவர் கருங்கல். மேலே பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் உளி பட்ட பள்ளங்கள் அம்மைத் தழும்பு மாதிரி தெரிகின்றன. வெள்ளைக்காரர் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் உடைத்த கல். இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் உண்டு, முகப்பில் எழுதியிருக்கிறது, ஆனால் ஊரில் எல்லோரும் கஞ்சிக் கொட்டாய் என்றுதான் சொல்வார்கள். எம்.ஏ. கடைசி வருஷம் நான் இதைப் பற்றித்தான் ஆய்வு எழுதினேன். கஞ்சிக் கொட்டாயிலிருந்து மருத்துவமனை வரை. பேராசிரியர் தலைப்பைப் பாராட்டினார். கருத்தரங்கில் அதைப் படிக்கும்போது என் கை நடுங்கியதால் காகிதம் மைக்கில் உரசிச் சத்தம் போட்டது, அது ஒன்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் எல்லாம் எழுதியிருந்தேன். வறண்ட பக்கத்திலிருந்து சனங்கள் நடந்து நடந்து வந்ததும், வியாபாரிகளும் துரைகளும் சேர்ந்து கொட்டகை போட்டதும், சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று வாசலிலேயே கல் குவித்ததும். ஆண்கள் உடைக்க வேண்டும், பெண்கள் சுமக்க வேண்டும். கூடை நிறைந்தால்தான் ஒரு அகப்பை. கஞ்சி ருசியாக இருக்கக் கூடாது என்று உத்தரவே இருந்தது, ருசியாக இருந்தால் பசியில்லாதவனும் வருவான் என்று. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த யோசனை. அங்கேயும் ஏழைகளுக்கென்று பெரிய பெரிய விடுதி கட்டி, உள்ளே வந்ததும் புருஷனை ஒரு பக்கம், பெண்டாட்டியை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்து, கல்லுடைக்கவும் பழைய கப்பல் கயிற்றை நார்நாராகப் பிரிக்கவும் வைத்தார்கள். வெளியே இருக்கிற மோசமான பிழைப்பைவிட உள்ளே இன்னும் ஒரு படி மோசமாக இருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் அந்த விடுதிகளில் பலவும் ஆஸ்பத்திரிகள் ஆயின. பலகை மாறி, சுண்ணாம்பு அடித்து, நர்சுகள் வந்து, எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த ஊர்க் கிழவர்கள் சாகக் கிடக்கும்போதும் அந்த வாசலுக்குள் மட்டும் கொண்டுபோகாதே என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்களாம். பாவம், விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை எழுதினேன்.

ஆய்வில் இல்லாதது வாசனை. சுத்தியலைத் தூக்க முடியாமல் விழுந்தவர்களை வடக்குப் பக்கம் தனியாகப் போட்டார்கள், அதுதான் முதல் வார்டு, இந்த வார்டு, என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மழை பெய்ததும் நடக்க முடிந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் குருடர்கள், புண் வைத்தவர்கள், புத்தி கலங்கியவர்கள், புருஷன் செத்த பெண்கள். அவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு டிரெஸ்ஸரை வைத்தார்கள், பிறகு ஒரு டாக்டர், பிறகு ஓடு, பிறகு காங்கிரீட். ஆஸ்பத்திரி இப்படித்தான் வளர்ந்தது, அழைத்துப்போக ஆள் வராதவர்களின் மேல். வளர்ச்சி என்று ஆய்வில் எழுதினேன். அவர்களுக்கும் கையில் ஏதோ கொடுத்தார்கள். படுத்தபடியே செய்யக்கூடிய வேலை, தேங்காய் நார் பிரிப்பது. பிறகு நார் போய்த் துணி வந்திருக்கும். எந்த வருஷம் நாருக்குப் பதில் துணி வந்தது என்று நான் தேடவே இல்லை. பெரியம்மாவின் மடியில் சதுரங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அவள் விரல்களில் நூல்பிசிறு ஒட்டியிருக்கிறது, அதை நாக்கில் தொட்டு எடுத்துத் துப்புகிறாள். அந்தத் துணி நாளைக்கு யாருடைய வாயிலோ போய் உட்காரும். வாய் என்று ஏன் சொல்கிறேன். புண். யாருடைய புண்ணிலோ. வண்டி கத்துகிறது, தூணோரம் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். மணி பத்தைத் தாண்டி ரொம்ப நேரமாகிவிட்டது. நாலாவது தடவைதான் எடுத்தாள். “உங்கப்பா கெளம்பிட்டாருடி.” “நீ?” “நான் எதுக்கு? இங்க யாரு பாக்கிறது? காலையிலேருந்து தனியாளா நிக்கிறேன், மணிக்கட்டு வீங்கிப் போச்சு. கிரைண்டர் போட்டது போட்டபடி கெடக்குது.” நான் வராண்டாவுக்கு நகர்ந்தேன். “கட்டு மாத்தக் கத்துக்கறேன்னு சொன்னியேம்மா.” அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. “சொன்னேன். ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தேன். என்னால ஆகாது தாரணி. எனக்கு அந்தப் பேச்சே கொமட்டுது. அந்தக் கையால எப்பிடிடீ சாதம் பெசையிறது? நானும் மனுஷிதானே.” “அப்ப அப்பா?” “ஆம்பள எப்பிடி அண்ணி காலத் தொட்டுக் கட்டுவாரு? பேசறதப் பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்கயே நல்லாப் பாத்துக்கறாங்களாமே. வேளாவேளைக்குச் சாப்பாடாமே. அக்கா அங்க எல்லார்கூடயும் சகஜமாயிட்டாங்கன்னு நீதானே சொன்னே, துணியெல்லாம் மடிக்கறாங்கன்னு.” ஆமாம், நேற்று நான்தான் சொன்னேன். சிரிப்பதற்காகச் சொன்னேன். போனை அணைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், நின்றால் யாரும் பேச வரமாட்டார்கள்.

வராண்டாக் கம்பிகளில் தட்டுகள் செருகியிருக்கின்றன. ஆஸ்பத்திரித் தட்டு காணாமல் போகும் என்று வராண்டாப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை, அவரவர் வீட்டுத் தட்டு. நான் முதல் நாள் அவற்றை வேடிக்கை பார்த்தபோது ரோசாலி பக்கத்தில் வந்து நின்று, “என்னா பாப்பா பாக்கறே? வூட்லேருந்து கேரியர் வந்தா ஆளும் வரும். வூட்லேருந்து தட்டு வந்துச்சுன்னா ஆளு வராது. இத்தினி வருசத்துல மாறினதே இல்ல” என்று, மழை வரும் வராது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணச் சீர்த் தட்டுகள்தான் எல்லாம். தாய்மாமன் அன்பளிப்பு என்று ஒன்று. மணமக்கள் பெயர் பொறித்தது ஒன்று, அதில் மணமகன் பெயர் மேல் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள். ஒன்றின் விளிம்பில் பழைய சோறு காய்ந்து ஒட்டியிருக்கிறது, எறும்பு வரிசை. எங்கள் வீட்டில் பெரியம்மாவின் தட்டு தங்கவேல் குணவதி என்று பெயர் வெட்டியது. அவள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டியதை வழித்துப்போட்டு, அடுப்பைப் பார்த்தபடி அதில் சாப்பிடுவாள். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார், அவள் தன் அம்மா வீட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டாள். அண்ணி இல்லேன்னா இந்த வீடே இல்ல என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்வார். விருந்தாளிகள் அடுப்படிப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவள் சும்மா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூடப் பூண்டு உரித்துவிட்டுத்தான் கஞ்சி குடித்தாள். அவளிடம் கூடையை யாரும் நீட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு இப்போது குமட்டுகிறது, சீழுக்கு இல்லை, பெட்பேனுக்கு இல்லை, எங்கள் சாப்பாட்டு மேஜையை நினைத்து, அதன் மேல் விரித்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை நினைத்து, அதை அவள் ஈரத்துணியால் துடைக்கும்போது நாங்கள் கையைத் தூக்கிக்கொள்வோமே, அதை நினைத்து. கால் நாறியதும் அம்மா அந்தத் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துணி துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

மணி அடித்தது. அதை இன்னும் கஞ்சி மணி என்றுதான் சொல்கிறார்கள், கஞ்சி நின்றுபோய்ச் சாம்பார் சாதம் ஆகி எவ்வளவோ காலம் ஆன பிறகும். வராண்டாப் பெண்கள் கம்பியிலிருந்து தட்டுகளை உருவுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே படிக்கட்டில் அப்பா வந்துகொண்டிருந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் மஞ்சள் பையோடு. பையில் கேரியரின் உயரம் இல்லை. கேரியராக இருக்கட்டும் என்று நான் அந்தப் பையையே பார்த்தேன், படுக்கவைத்த கேரியர், சின்னக் கேரியர், ஏதாவது. அப்பா நேராகக் கட்டிலுக்குப் போனார். “என்னா அண்ணி, எப்பிடி இருக்கீங்க?” “நல்லாருக்கேன் தம்பி. சாப்ட்டீங்களா? யாரு சமையல், பாப்பாவோட அம்மாவா?” “அவதான்.” “அவளுக்குக் குக்கர் வெயிட்டு சரியா உக்காராது, தட்டிவுடச் சொல்லுங்க.” அப்பா தலையாட்டினார். பச்சைச் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பெரியம்மாவின் காலிருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. என்னிடமிருக்கிற அதே திருப்பல், கழுத்தை இந்தப் பக்கம் வெட்டுவது. “இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா நல்லா ஆறும்னு தோணுது அண்ணி. வூட்டுல தூசி. நாங்க வந்து வந்து பாத்துக்கறோம்” என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டார். தட்டை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். நன்றாகத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று இருந்தது. தங்கவேல் குணவதி. வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த மாரக்கா நின்று, தட்டைப் பார்த்து, பெரியம்மாவைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து தனக்கு முன்னால் இடம் விட்டாள். பெரியம்மா மடியிலிருந்த துணியை ஓரமாக ஒதுக்கினாள். தட்டை எடுத்து முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். “நல்லதாப் போச்சு தம்பி. இங்க தட்டெல்லாம் ஒரே கறை” என்றாள். தட்டு கட்டில் கம்பியில் பட்டுப் பட்டு லேசாகச் சத்தம் போட்டது.

வண்டி வந்து நின்றது. ஜெபமணி சிஸ்டர் பழைய கிளவுஸைக் கழற்றி வாளியில் போட்டார். கத்தரியைத் தட்டில் வைத்தார். அப்பாவைப் பார்த்து, “யாருங்க கத்துக்கப்போறது?” என்றார். அப்பா ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கற்றுக்கொண்டால் நாளைக்கும் நான்தான், அதற்கு அடுத்த நாளும், வேலை கிடைத்துப் போகிறவரைக்கும், கல்யாணம் என்று யாராவது பார்க்க வருகிறவரைக்கும், அந்த வாயை ஒவ்வொரு காலையிலும் திறந்து பார்க்க வேண்டியவள் நான்தான், அந்தக் கையால்தான் சாதம் பிசைய வேண்டும். அம்மா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அப்பா சொன்னதிலும் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கட்டடம் முழுக்கத் தப்புச் சொல்ல முடியாதவர்கள் கட்டியதுதான். “சரி, விடுங்க. ரோசாலி, வராண்டாவுல ஒரு பாய் போடு” என்று சிஸ்டர் திரும்பினார். பெரியம்மா தரையில் காலை ஊன்றப் பார்த்தாள், வரிசைக்குப் போக. “இருங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்து, உருவி, இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். “வேணாம் பாப்பா, நாறும்” என்றாள் பெரியம்மா. நான் கையை நீட்டினேன், சிஸ்டர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் புதுக் கிளவுஸைக் கொடுத்தார், அது என் ஈரக் கையில் ஏறாமல் பாதியில் நின்றது, இழுத்து ஏற்றினேன். அவள் பிடியிலிருந்த தட்டை வாங்கி அப்பாவின் பைக்குள் திரும்பப் போட்டேன். கால்மாட்டில் உட்கார்ந்து, பெரியம்மாவின் காலைத் தூக்கி என் மடியில் வைத்து, கட்டின் முடிச்சை அவிழ்த்தேன்.